டிரேயில் கை வைத்த நாள்

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நான் வெளியே வந்த அன்று ஆபரேஷன் தியேட்டர் பிள்ளைகள் கேக் வெட்டினார்கள். ஆபீஸ் கிளார்க் விளையாட்டாக என் சர்வீஸ் ஃபைலைக் கொண்டுவந்து புரட்டினார். முப்பத்து நான்கு வருஷத்துக்கு அது மெலிந்த ஃபைல்தான். அதில் ஒரே ஒரு மெமோ இருந்தது. அதை உரக்க வாசித்தார்: "கிருமி நீக்கம் செய்த டிரேயில் கவனக்குறைவாக வெறுங்கையை வைத்து அசுத்தப்படுத்தியதற்காகக் கண்டிக்கப்படுகிறார்."

"அண்ணே, நீங்களா?" என்று சிஸ்டர் ரேகா வாயில் கை வைத்தாள். "எங்க முழங்கை டிரேக்கு ஒரு அடி தள்ளிப் போனாலே முறைப்பீங்களே!"

"போலோ அண்ணா, போலோ!" என்று மற்றவர்கள் என்னைப் பேசச் சொல்லிக் கை தட்டினார்கள். எனக்கு வாய் வரவில்லை. பத்துப் பேர் ஒன்றாகப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு துண்டு கேக்கை வாயில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். பேச முடியாததை எழுதலாம் என்றுதான் இந்தக் காகிதத்தை எடுத்திருக்கிறேன். அந்த மெமோவுக்குக் காரணமான பிள்ளையின் அம்மாவுக்கு, ஹட் பே தீவுக்குப் போன் செய்து அனுமதியும் கேட்டேன். "எழுதுங்கண்ணே. அவனும் சரிங்கான். பேரை மட்டும் மாத்திப் போட்டுருங்க" என்றாள். மாற்றியிருக்கிறேன்.

என் அப்பா ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி, இந்தத் தீவில் இருக்கும் சாத்தம் மரமில்லுக்கு வேலைக்கு வந்தவர். நான் பத்தாம் வகுப்போடு நின்றேன். இருபது வயதில் ஜங்லிகாட் கடைத்தெருவுக்கு மேலே மேட்டில் இருந்த ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் தரை துடைக்கச் சேர்ந்து, ஆறேழு வருஷத்தில் தியேட்டர் உதவியாளர் ஆனேன். கருவிகளைக் கழுவுவது, மூட்டை கட்டி நீராவியில் வைப்பது, நோயாளியைத் தூக்கிக் கிடத்துவது, விளக்கைத் திருப்புவது. அந்த வேலையில் ஒரு சட்டம்தான் பெரியது. நீராவியிலிருந்து வந்த டிரேயைத் திறந்த பிறகு, கையுறை போட்ட டாக்டரும் சிஸ்டரும் மட்டுமே அதைத் தொடலாம். வெறும் விரல் நுனி பட்டால்கூட முழு டிரேயும் திரும்பிப் போக வேண்டும். எனக்குத் தூக்கத்தில்கூடக் கை உடம்போடு ஒட்டித்தான் இருக்கும் என்று என் மனைவி கேலி செய்வாள்.

கூச்சம் பிறவியிலேயே வந்தது. ஆனால் அதுவே எனக்கு ஒரு வேலையை வாங்கிக் கொடுத்தது. சைக்கிள் பாரில் விழுந்தவன், ஜிப்பில் சிக்கியவன், நாய் கடித்தவன் என்று, சொல்ல வெட்கப்படும் இடத்தில் அடிபட்டு வரும் சின்னப் பையன்களை என்னிடம் விடுவார்கள். அவர்கள் சிஸ்டர்களைக் கண்டால் காலை இறுக்கிக்கொள்வார்கள். நான் நாலு பக்கமும் போர்வையைக் கட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தடவித் தடவி உடுப்பை மாற்றிவிடுவேன். நான் பார்க்கவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கும் பார்க்க வெட்கமாகத்தான் இருக்கும்.

அந்தப் பையன்களுக்காகவே எங்களுக்கு டாக்டர் பிஸ்வாஸ் மேடம் கிடைத்தார். மெயின்லேண்டில் குழந்தைகளின் சிறுநீர்ப் பாதை அறுவையில் பயிற்சி எடுத்துவிட்டுத் தீவுக்கு வந்தவர். குள்ளமான உருவம், தாழ்ந்த குரல். யாரையும் திட்டிக் கேட்டதில்லை. பிள்ளைகளிடம் "வலிக்காது" என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். "வலிக்கும். கொஞ்சம். எப்ப முடியும்னு நான் சொல்றேன்" என்பார், தன் உடைந்த தமிழில். சொன்னபடியே, "இப்ப முடிஞ்சு" என்று அந்த நிமிஷத்தில் சொல்வார்.

இன்னொரு பழக்கம் எனக்குப் பெரிய சோதனை. கத்தியை வாங்கும் முன்னால் சுற்றி நிற்பவர்களைப் பார்த்து, "கிஸீ கோ குச் போல்னா ஹை?" என்று கேட்பார். யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று. கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுவார். அவர் உதடு அசைவது முகமூடித் துணியிலேயே தெரியும். மயக்க டாக்டரில் தொடங்கி என் வரைக்கும் ஒவ்வொருவர் முகத்திலும் கண் நிற்கும். என் முறை வரும்போது நான் தரையைப் பார்ப்பேன். பல வருஷம் இப்படியே போயிற்று.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், ஹட் பே கப்பலில் வந்து இறங்கிய ஒரு பெண் ஆட்டோவில் தன் மகனைக் கொண்டுவந்தாள். அவளை ரெஜினா என்று வைத்துக்கொள்வோம், மகனை ஆன்றோ என்று. தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த மீன்பிடிக் குடும்பம். பையனுக்கு எட்டு வயது. முந்தின நாள் சாயங்காலம் டுங்கியிலிருந்து கரைக்குத் தாவும்போது கால் வழுக்கி, படகின் விளிம்பு இரண்டு காலுக்கும் நடுவில் இடிக்கும்படி விழுந்திருக்கிறான். விட்டால் அடுத்த கப்பலுக்கு நாலு நாள் ஆகும் என்று, அங்கே யாரிடமும் காட்டாமல் விடியற்காலைக் கப்பலில் ஏறியிருந்தாள்.

மேடம் மேலே தியேட்டரில் ஒரு ஹெர்னியா ஆபரேஷனில் இருந்தார். கீழே டாக்டர் நவீன்தான் பார்த்தார். புதிதாக வந்தவர், நல்ல பிள்ளை, கைராசிக்காரர். பையனின் அடிவயிறு இளநீர்க் காய் மாதிரி திரண்டு நின்றது. துடித்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுக்குப் போனானாம்மா?"

"போனான் சார். கப்பல்ல ரெண்டு தடவ. கொஞ்சங் கொஞ்சமாப் போனான். பாருங்க, நிக்கர்கூட நனைஞ்சு கெடக்கு."

"ரத்தம் ஏதாவது வந்துதா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல சார்."

நவீன் நிக்கரைக் கொஞ்சம் இறக்கி, குனிந்து நன்றாகப் பார்த்தார். ரத்தம் இல்லை. அவர் எதைத் தேடினார் என்பது எனக்குத் தெரியும். அது மேடத்தின் சட்டம். அந்த இடத்தில் அடிபட்ட பையனுக்கு நுனியில் ஒரு சொட்டு ரத்தம் கண்டாலும், ஒரு துளிகூடச் சிறுநீர் போகாவிட்டாலும், டியூபைக் கையில் எடுக்கக் கூடாது. உள்ளே சிறுநீர்க் குழாய் கிழிந்திருக்கலாம். பாதி கிழிந்த குழாயில் கண்ணை மூடிக்கொண்டு டியூபை ஏற்றினால் மீதிப் பாதியும் அறுந்துபோகும். பாதி அறுந்ததைச் சரிசெய்வது ஒரு வேலை. முழுதும் அறுந்துவிட்டால் அந்தப் பிள்ளை வாழ்நாளெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

ரத்தமும் இல்லை, போயும் இருக்கிறான், வயிறோ நிறைந்து வலிக்கிறது. "வீக்கத்துல அடைச்சிருக்கு. டியூப் போட்டு வடிச்சா ரெண்டு நிமிஷத்துல நிம்மதியாயிடும்" என்று நவீன் டிரேயைத் திறக்கச் சொன்னார். அவருக்குச் சொல்லப்பட்டதை வைத்துப் பார்த்தால் அவர் செய்தது சரி.

நான் போர்வையைக் கட்டிக்கொண்டு பையனின் நிக்கரைக் கழற்றினேன். முகத்தைத் திருப்பியிருந்ததால் மூக்குதான் முதலில் வேலை செய்தது. இருபத்தாறு வருஷம் மூத்திரத் துணி அலசியவன் நான். அந்த ஈரத்துக்கு ஒரு வாடை உண்டு. இதில் அது இல்லை. காய்ந்த ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கடல் தண்ணீர். திருப்பிப் பார்த்தேன். உள் தையலில், நூலுக்கு அடியில், துரு நிறத்தில் ஒரு கோடு. அலசியும் போகாத ரத்தம்.

"ஒண்ணுக்கு வந்துச்சாடா?" என்று அவன் காதருகில் கேட்டேன்.

போர்வைக்கு அப்பால் அம்மா நின்ற பக்கம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். "வரவே இல்ல மாமா. ரத்தந்தான் வந்துச்சு. அம்மா துடைச்சு உட்டு, நிக்கர கடல்ல அலசிட்டா. சொல்லக் கூடாதுன்னா."

போர்வையை விலக்கினேன். சிஸ்டர் டிரேயைத் திறந்துவைத்திருந்தார். பச்சைத் துணியின் மேல் பஞ்சு, இடுக்கி, சின்னப் பிள்ளைக்கான மெல்லிய டியூப். நவீன் கையுறையோடு ஜெல்லியைப் பிதுக்கிக்கொண்டிருந்தார்.

"சார்" என்றேன்.

பையன் அலறிய சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை.

"சார்..."

"ஒரு நிமிஷம் அண்ணா. முதல்ல காலைப் பிடிங்க."

இவ்வளவு எளிய ஒரு வாக்கியம். பையன் ஒண்ணுக்குப் போகலை சார். அதுதான் வரவில்லை. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையில் இருந்த நிக்கர் உட்பக்கம் திரும்பிக் கிடந்ததை அவள் கண்டிருந்தாள். சொல்லாதே என்று அந்தக் கண் கெஞ்சியது. டாக்டர் டியூபை நோக்கிக் கையைக் கொண்டுபோனார்.

என் வலது கையைத் தூக்கி, டிரேயின் நடுவில், டியூபின் மேல், உள்ளங்கை முழுதும் படும்படி வைத்தேன்.

சிஸ்டர், "கடவுளே, முருகேசன்!" என்று கத்தினார்.

"என்ன பண்றீங்க நீங்க?" நவீன் முகம் சிவந்துவிட்டது. "புள்ள இங்க துடிக்கிறான், தெரியலையா? இந்த சைஸ் வேற எங்க இருக்கு?"

"மேலே ஸ்டோர்ல, சார்."

"ஓடுங்க!"

அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "எம் புள்ள சாவுறான், கைய வச்சுக் கெடுத்துட்டியே பாவி! உனக்கெல்லாம் புள்ள குட்டி இல்லையா?" அவள் கையை மெல்ல விலக்கிவிட்டு, நிக்கரை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். பையனின் அலறல் பின்னாலேயே வந்தது. ஒருவேளை என் மூக்கு தப்பாக இருந்தால், பையன் பயத்தில் ஏதோ உளறியிருந்தால், ஒரு குழந்தையை வீணாக வதைத்தவன் ஆவேன். முப்பது படியும் இதே நினைப்புதான்.

மேடம் ஆபரேஷன் முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தார். "கியா ஹுவா, முருகேஷ்?" என்ன ஆச்சு என்றார்.

வாய் வரவில்லை. நிக்கரை நீட்டினேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஈரக் கையாலேயே வாங்கி, நான் விரலால் காட்டிய தையலைப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"சமுந்தர்" என்றார். கடல்.

அப்போதுதான் வந்தது: "பேஷாப் நஹீ ஹுவா, மேடம். பில்குல் நஹீ." ஒண்ணுக்குப் போகவே இல்லை என்று.

அவர் நடந்து நான் பார்த்திருக்கிறேன், ஓடி அன்றுதான் பார்த்தேன்.

கீழே வந்ததும் மேடம் நவீனை ஒன்றும் சொல்லவில்லை. வலிக்கு ஊசி போடச் சொல்லிவிட்டு, ரெஜினாவின் முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெளியூருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தாய்மார் பயந்து மறைப்பது அவருக்குத் தெரியும். அவர் இந்தியில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். உன்னைக் கேட்காமல் உன் பிள்ளையை எங்கேயும் அனுப்ப மாட்டேன், உண்மையைச் சொல்லு என்று.

ரெஜினா உடைந்துபோனாள். "ஜெட்டியில ஒரு ஆளு சொன்னாரு, ஒண்ணுக்கு வரலன்னா பிளேன்ல ஏத்தி மெயின்லேண்டுக்குக் கொண்டுபோயிருவாங்கன்னு. இவங்கப்பா கடலுக்குப் போயி மூணு நாளாச்சு. கைப்புள்ளய பக்கத்து வீட்ல போட்டுட்டு வந்திருக்கேன். நா ஒத்தையா எங்க போவேன்? ரத்தத்தப் பாத்ததும் கையும் ஓடல, காலும் ஓடல. கடல்ல அலசித்தான் எங்களுக்குப் பழக்கம். எல்லாத்தையும் கடல்லதான் அலசுவோம்."

எக்ஸ்ரே அறையில் மேடம் நுனியிலிருந்து மெதுவாக மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தார். ஈரப் படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்தார். வெள்ளைக் கோடு ஒரு இடத்தில் வந்து ஒரு பக்கமாகப் புகை போலப் பரவியிருந்தது. அங்கேதான் கிழிசல். ஆனால் அந்தப் புகையைத் தாண்டி, தலைமுடி மாதிரி ஒரு கோடு தொடர்ந்து மேலே போயிருந்தது.

"ஆதா பச்சா ஹை" என்றார். பாதி மிச்சம் இருக்கிறது.

நவீன் அந்தக் கோட்டையே பார்த்தபடி நின்றார். பிறகு தன் கையுறையைக் கழற்றினார். அதுவரை கழற்ற மறந்திருந்தார்.

அடிவயிற்றில் சின்னதாகத் துளை போட்டு, மேல் வழியாக டியூப் வைத்து வடித்தார்கள். மேடம் "இப்ப முடிஞ்சு" என்று சொன்னபோது ஆன்றோ தூங்கிவிட்டிருந்தான்.

மெமோ மறுநாளே வந்தது. டிரே கெட்டதைச் சிஸ்டர் பதிவேட்டில் எழுதியாக வேண்டும், எழுதினால் மெமோ வரும். மேடம் என்னைக் கூப்பிட்டு இந்தியில் சொன்னார். "முருகேஷ், நீ கவனக்குறைவா வைக்கலைன்னு எனக்குத் தெரியும். விளக்கம் எழுதிக் கொடு. ரத்து பண்ணிடலாம்."

விளக்கம் எழுதினால் தாய் பொய் சொன்னதை எழுத வேண்டும். நவீன் சார் டியூபை எடுக்கப் போனதையும் எழுத வேண்டும். "இருக்கட்டும் மேடம்" என்றேன். "அடுத்த தடவை கையால பேசாதே, வாயால பேசு" என்றார். மேடம் என்னைக் கடிந்துகொண்டது அது ஒன்றுதான்.

கிழிசல் தானாக ஆறியது. ஆனால் ஆறிய இடம் தழும்பாகிச் சுருங்கிவிட்டது. நாலு மாதம் வயிற்று டியூபோடுதான் ஆன்றோ பள்ளிக்கூடம் போனான். பையன்கள் அவனுக்கு "பெட்ரோல் டேங்க்" என்று பட்டம் வைத்திருந்தார்கள். "ஒனக்கு எத்தன லிட்டர் பிடிக்கும்னு கேக்கானுவ மாமா" என்று டியூப் மாற்ற வந்தபோது சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் சொல்லி முடித்ததும் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான். தழும்பு சின்னதாக இருந்ததால் அதை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்கலாம் என்று மேடம் முடிவு செய்தார். பாதி மிச்சம் இருந்ததால்தான் அது சின்னத் தழும்பு. முழுதும் அறுந்திருந்தால் இங்கே செய்யவே முடியாது என்று நவீன் சார் என்னிடம் தனியாகச் சொன்னார்.

ஆபரேஷன் அன்று பையனின் கால்களை உயர்த்தி வைத்துக் கட்டுவது என் வேலை. கெண்டைக்கால் தாங்கியில் அழுந்தினால் நரம்பு மரத்துப் பாதம் தொங்கிப்போகும். மேடம் வழக்கம்போல், "கிஸீ கோ குச் போல்னா ஹை?" என்றார். என் முறை வந்தது.

"மேடம், இடது கால்ல பஞ்சு பத்தலை. ரெண்டு நிமிஷம் வேணும்."

முகமூடிக்கு மேலே அவர் கண் சுருங்கியது. சிரித்தார் என்று நினைக்கிறேன். கத்தியை வாங்காமல் காத்திருந்தார்.

தழும்பை எடுத்த பிறகு முனைகள் சேரவில்லை. அரை சென்டிமீட்டர் போதவில்லை. இழுத்துத் தைத்தால் சேர்ந்துவிடும், ஆனால் இழுவையில் தைத்த இடம் மறுபடி சுருங்கும். மேடம் இழுக்கவில்லை. குழாயைச் சுற்றியிருந்த திசுவிலிருந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தார். கண்ணில் பூதக்கண்ணாடி, நெற்றியிலிருந்து மூக்கு ஓரம் வரை வியர்வை. துடைக்கச் சிஸ்டர் கையைக் கொண்டுபோனபோது, "அபி நஹீ", இப்போது வேண்டாம், என்று மட்டும் சொன்னார். ஒரு மணி நேரம் கடிகாரச் சத்தம்தான். பிறகு முனைகள் தாமாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. முடியைவிட மெல்லிய நூலில் எட்டுத் தையல். நான் எண்ணினேன்.

மூன்று வாரம் கழித்து, தைத்த குழாய்க்குள் விட்டுவைத்திருந்த டியூபை எடுத்தார்கள். வயிற்று டியூபை மூடிவைத்தார்கள். இனி அவனே போக வேண்டும். தண்ணீர், இளநீர், ஜூஸ் என்று ரெஜினா ஊற்றிக்கொண்டே இருந்தாள். கட்டிலில் கிடத்திக் கையில் சிறுநீர் பிடிக்கும் பாட்டிலைக் கொடுத்திருந்தார்கள். கட்டிலைச் சுற்றி மேடம், நவீன் சார், இரண்டு சிஸ்டர், கடலிலிருந்து வந்திருந்த அப்பா. ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு சொட்டும் வரவில்லை. வயிறு மறுபடி திரண்டது. பையன் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

"முக்கு மக்கா, முக்கு" என்றார் அப்பா.

"முக்காதே!" என்றார் நவீன்.

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் பத்து நிமிஷம். அப்புறம் வயித்து டியூபைத் திறந்துடலாம்." ஆபரேஷன் பலிக்கவில்லை என்பதுதான் அதற்குப் பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். ரெஜினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் பையனின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம்.

"மேடம்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "எல்லாரும் வெளியே போகணும். நீங்களும்."

மேடம்தான் முதலில் திரும்பினார். "சலோ, சலோ" என்று எல்லோரையும் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"பாட்டில்ல வரலயா?" என்றேன்.

"படுத்துக்கிட்டு எப்பிடிப் போறது மாமா? எங்கப்பா டுங்கில நின்னுக்கிட்டுதான் போவாரு. நானும் அப்பிடித்தான் போவேன்."

தியேட்டரில் மேடம் ஏறி நிற்கும் மரப்பலகை ஸ்டூல் ஒன்று உண்டு. ஓடிப்போய் அதைக் கொண்டுவந்து குளியலறையில் போட்டேன். அவனைத் தூக்கி அதன்மேல் நிறுத்தினேன். ஒரு கை என் தோளில். "இதுதான் டுங்கி. கீழே கடல்."

சிரித்தான். "ஆடவே இல்ல." பிறகு, "மாமா, நீங்க பாக்க மாட்டீங்கல்ல?"

"இத்தனை நாள்ல பாத்தேனா?"

"பாக்கல."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டால் பிள்ளைகளுக்கு வரும் என்பார்கள். நான் திறக்கவில்லை. அந்தச் சத்தத்தில் இந்தச் சத்தம் கேட்காமல் போய்விடக் கூடாது. சுவரில் ஒரு ஓடு விரிசல் விட்டிருந்தது. அந்த விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோளில் இருந்த சின்ன விரல்கள் இறுகின. இன்னும் இறுகின.

முதலில் ஒரு சொட்டு. பிறகு ஒன்றுமில்லை. பிறகு நிற்காமல், நேராக, தரையில் அடித்து என் காலெல்லாம் தெறிக்க வந்தது.

கதவுக்கு வெளியே ரெஜினா ஓவென்று அழுதது கேட்டது. "ஏல ஆன்றோ! வந்துட்டாலே?"

"அம்மா, சத்தம் போடாத! நின்னுரும்!" என்று உள்ளிருந்து கத்தினான்.

தியேட்டர் பிள்ளைகள் கேட்டதற்கு இதுதான் பதில். அந்த மெமோவில் எழுதியிருப்பது உண்மைதான். டிரே, வெறுங்கை, அசுத்தம் எல்லாமே சரி. கவனக்குறைவு என்ற ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.